நைல் குழுவின் ‘அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கிட்’: பல ஆண்டுகள் கேட்ட பிறகு

‘நைல்’ என்னும் அமெரிக்க டெத் மெட்டல் (உறுமும் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கடும் ராக் இசை) குழு 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கிட்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் முதலில் அதன் வேகத்தைத்தான் சொல்வார்கள். வேகம் இருப்பது உண்மைதான். ஆனால் அது சில மாதங்களில் காதுக்குப் பழகிவிடுகிறது. பழகிய பிறகும் பல ஆண்டுகளாக இந்த ஆல்பத்தை நான் எடுத்துக் கேட்டுவருவதற்குக் காரணம், இதிலுள்ள மெதுவான பகுதிகளும், அவற்றுக்கு அடித்தளமாக அமைந்திருக்கும் பண்டைய எகிப்தின் பாதாள உலகம் பற்றிய நூலறிவும்தான். பாடல்களின் பொருளைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கும் தெரியாமல் கேட்பவருக்கும் இது ஏறக்குறைய இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள் என்றே சொல்வேன்.

நைல் குழு 1993இல் தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் தொடங்கப்பட்டது. குழுவை நிறுவிய கார்ல் சாண்டர்ஸ் கிட்டார் வாசிப்பதோடு பாடவும் செய்கிறார். எகிப்திய புராணங்களின் மீதும் வரலாற்றின் மீதும் அவருக்கு இருக்கும் தீராத ஈடுபாடுதான் குழுவின் அடையாளம். ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இந்த ஆல்பம் அவர்களுடைய நான்காவது முழுநீள ஆல்பம். தயாரிப்பாளர் நீல் கெர்னான். கிரேக்க டிரம்ஸ் கலைஞர் ஜார்ஜ் கோலியாஸ் குழுவில் சேர்ந்த பின் பதிவான முதல் ஆல்பமும் இதுவே.

கோலியாஸின் வாசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறிய வாத்திய முன்னுரை முடிந்ததும் வரும் ‘காஸ்ட் டவுன் தி ஹெரெடிக்’ பாடலில், இரு கால்களும் கிக் டிரம்மை இடைவிடாமல் அடிக்க, கைகள் ஸ்நேர் டிரம்மையும் சிம்பல் தட்டுகளையும் அதே வேகத்தில் அடிக்கின்றன. முதல் சில முறை கேட்கும்போது இது ஒரே இரைச்சலாகத்தான் காதில் விழும். தொடர்ந்து கேட்கக் கேட்க, ஒவ்வொரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) மாறும்போதும் கைகளின் பங்கு மாறுவதும், வாக்கியத்தில் நிறுத்தற்குறி வருவதுபோல் ஓரிரு அடிகள் விட்டுப் பிடிப்பதும் தெளிவாகத் தெரிய வருகின்றன. எந்திரத்தனமாக ஒலிக்கக்கூடிய இந்த வேகத்தை மனிதக் கைகள் வாசித்தவை என்று உணரவைப்பவை இந்தச் சிறு மாற்றங்களே.

இனி, இந்த ஆல்பத்தின் உண்மையான சொத்தாக நான் கருதும் சிறு புத்தகத்துக்கு வருகிறேன். சிடியோடு வரும் அந்தப் புத்தகத்தில் பாடல் வரிகளோடு, அவை எங்கிருந்து பிறந்தன என்று சாண்டர்ஸ் எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. தொண்டையின் அடியாழத்திலிருந்து உறுமும் குரலில் ஒரு சொல்லைக்கூடப் பிரித்தறிய முடியாது என்பதால், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது இங்கே ஏறத்தாழ அவசியம். சாண்டர்ஸ் கையாளும் சொற்களில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வாலிஸ் பட்ஜ் நூறாண்டுகளுக்கு முன் செய்த பண்டைய எகிப்திய நூல்களின் மொழிபெயர்ப்புகளின் சாயல் தெரிகிறது. அறிஞர்கள் இன்று பட்ஜை அப்படியே ஏற்பதில்லை என்றாலும், அந்தப் பழைய நடையின் கனத்த தொனி இந்த இசைக்கு மிகவும் பொருந்துகிறது.

இந்த ஆல்பத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ‘அம்துவாத்’ என்னும் பாதாள உலக நூல். சூரியக் கடவுளான ரா இரவின் பன்னிரண்டு மணி நேரங்களில் தன் படகில் பாதாளத்தைக் கடந்து, விடியலில் மீண்டும் பிறப்பதை அது ஒவ்வொரு மணி நேரமாக விவரிக்கிறது. அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள மூன்றாம் துட்மோஸின் கல்லறையில் இந்நூல் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. முட்டை வடிவிலான அந்த அறையின் சுவர்களில், விரித்துவைத்த பாப்பிரஸ் சுருளைப் போல, மங்கிய பின்னணியில் குச்சி உருவங்கள் வரிசை வரிசையாக வரையப்பட்டுள்ளன. இந்த நூலை அறிந்தவருக்கு அது இம்மையிலும் மறுமையிலும் பயன் தரும் என்று நூலே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஆல்பத்தின் தலைப்புப் பாடல் செக்கர் என்னும் கடவுளின் ஆட்சிப் பகுதியைப் பற்றியது. அம்துவாத்தின் நான்காம், ஐந்தாம் மணி நேரங்கள் அந்த நிலத்தில்தான் நிகழ்கின்றன. அதுவரை நீரில் மிதந்து வந்த படகுக்கு அங்கே நீரில்லை. வறண்ட மணலில், வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் அதைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. படகே பாம்பாக உருமாறி, தன் வாயிலிருந்து வரும் நெருப்பால் இருளைக் கிழித்து வழி காட்டுகிறது. ஐந்தாம் மணியில் ஒரு நெருப்பு ஏரி வருகிறது. நல்லோருக்கு அது குளிர்ந்த நீராகவும் தீயோருக்கு எரிக்கும் தீயாகவும் இருக்கிறது. எட்டு நிமிடங்களைத் தாண்டும் அந்தப் பாடல் ஏன் அவ்வளவு நிதானமாகத் தொடங்குகிறது, தாழ்ந்த சுருதியில் கிட்டார்கள் ஏன் ஒவ்வோர் அடியையும் பாரம் இழுப்பவர்களைப்போல் எடுத்துவைக்கின்றன என்பதெல்லாம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கின. பின்னர் டிரம்ஸ் வேகமெடுக்கும்போது அது பாதையின் அடுத்த வாயில் திறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. டெத் மெட்டலில் இடத்தையும் இருளையும் இவ்வளவு துல்லியமாக உணர்த்திய பாடல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

‘தி பர்னிங் பிட்ஸ் ஆஃப் தி துவாத்’ (துவாத் என்பது அந்தப் பாதாள உலகம்) பாடலையும் அப்படியே நூலோடு சேர்த்துக் கேட்கலாம். அம்துவாத்தின் பதினோராம் மணியில், ராவின் பகைவர்களுடைய உடல்களும் ஆன்மாக்களும் நிழல்களும்கூடத் தீக்குழிகளில் எரிக்கப்படுகின்றன. நிழலும் தண்டனைக்குத் தப்பாது என்ற கற்பனை, டெத் மெட்டல் பாடலாசிரியர்கள் தாங்களாகவே உருவாக்கிய பல கொடூரங்களைவிட என்னை அதிகம் உலுக்கியது.

நான் அதிகமாகத் திரும்பிச் செல்லும் பாடல் ‘யூசர்-மாத்-ரே’. இது இரண்டாம் ராம்சேஸின் அரியணைப் பெயர். அவர் பொ.ஆ.மு. (கி.மு.) 1279 முதல் 1213 வரை, 66 ஆண்டுகள் அரசாண்டவர். அபு சிம்பெல் பாறைக் கோயிலைக் குடைவித்தவர். தன் தந்தை முதலாம் சேத்தி அபைடோஸ் என்னும் ஊரில் முடிக்காமல் விட்ட கோயிலை முடித்து, அதைக் கல்வெட்டிலும் பொறித்துவைத்தவர். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் இந்தப் பாடலில், பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதைப் போன்ற கட்டுமானம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கெய்ரோ வீதிகளில் 22 அரச மம்மிகள் ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றில் ராம்சேஸின் மம்மியும் சேத்தியின் மம்மியும் இருந்தன. அதற்குப் பிறகு இந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தந்தையும் மகனும் ஒரே ஊர்வலத்தில் சென்றது நினைவுக்கு வருகிறது.

இதில் ஒலிப்பது பண்டைய எகிப்தின் இசையா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான பதில். நாம் படித்து வாசிக்கக்கூடிய இசைக்குறிப்பு எதையும் அந்த மக்கள் விட்டுச்செல்லவில்லை. துட்டன்காமூனின் கல்லறையில் கிடைத்த வெள்ளி, வெண்கல ஊதுகொம்புகளை 1939இல் கெய்ரோவில் ஊதி பிபிசி வானொலியில் ஒலிபரப்பினார்கள்; அவை அன்று எழுப்பிய ஓசை நமக்குத் தெரியும், அவற்றில் முன்பு வாசிக்கப்பட்ட மெட்டு தெரியாது. நைல் கையாளும் ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) இன்றைய மத்திய கிழக்கு இசையிலிருந்து வருபவை. சாண்டர்ஸ் மீட்டும் சாஸ் என்னும் தந்தி வாத்தியமும் துருக்கியைச் சேர்ந்தது. கர்நாடக இசை பழகிய காதுக்கு இந்த ஸ்கேல்களில் ஒன்று உடனே பிடிபடும், ஏனென்றால் அதன் சுரங்கள் வகுளாபரண மேளத்தின் சுரங்களே. மெட்டல் கேட்காத நண்பர்களுக்கு நான் இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்த நேர்ந்தால் இந்த வாசல் வழியாகத்தான் அழைத்துச் செல்கிறேன்.

குறைகளும் உண்டு. டிரம்ஸும் கிட்டாரும் நிறைத்துவிட்ட ஒலிக்கலவையில் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது நிமிடங்களைச் சற்றே தாண்டும் ஆல்பத்தை மலிவான இயர்போனில் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்துவிடும். நடுத்தர ஒலி நன்கு பிரிந்து கேட்கும் ஹெட்போனில், ஒலியளவைக் குறைத்துக் கேட்பது நல்லது. ‘லாஷ்ட் டு தி ஸ்லேவ் ஸ்டிக்’ நேரடித் தாக்குதலில் நிறைவு தந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் புதிதாக எதுவும் எனக்குப் புலப்படவில்லை. கடைசிப் பாடலான ‘வான் உன்ஆஸ்ஷ்ப்ரெஷ்லிஷன் குல்டன்’ எகிப்தை விட்டு விலகி, எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்ட் கற்பனை செய்து திகில் கதாசிரியர் லவ்கிராஃப்ட்டும் தம் கதைகளில் எடுத்தாண்ட ஓர் அமானுஷ்ய நூலின் பெயரைச் சூடிக்கொள்கிறது. பாடலாக அது பிரமாதமானதுதான். ஆனால் ராவின் படகோடு இவ்வளவு தூரம் வந்த பிறகு வேறோர் உலகத்தில் இறங்கவேண்டியிருப்பது எனக்கு இன்றுவரை ஏமாற்றமாகவே இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, சிறு புத்தகத்தோடு கூடிய சிடிதான். ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பதானால், முதலில் தலைப்புப் பாடலையும் ‘யூசர்-மாத்-ரே’யையும் மட்டும் தனியாக எடுத்து, வரிகளைத் தேடிப் படித்தபடி கேளுங்கள். அதன் பிறகு அம்துவாத்தின் நான்காம், ஐந்தாம் மணி நேரங்களின் படங்களைப் பார்த்துவிட்டு, ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து தொடங்குங்கள்.