பீரோ பல்பு வெளிச்சத்தில் பதினைந்து வருடமாக ஒரு பேஸ்பால் சிடி

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் எப்போதும் ஒரு நாற்பது வாட் பல்பு எரியும். குன்னூரில் இது புதிதல்ல. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணியெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். எங்கள் பல்புக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கம்பளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிடியையும் அது காக்கிறது: எம்விபி பேஸ்பால் 2005 என்ற கணினி விளையாட்டு.

2010-ல் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன், "வேணும்னா நீ வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே ஐந்து வருடப் பழசு. எனக்கோ பேஸ்பாலில் ஆனா ஆவன்னா தெரியாது. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, டப்பா மானிட்டர். அன்று போட்டதுதான், இன்னும் விடவில்லை.

முதல் மாதம் படுதோல்வி. கிரிக்கெட் பழகிய கை எந்தப் பந்தையும் சும்மா விடாது. இங்கே நிலைமை வேறு. வீசுபவர் நிற்பது அறுபதரை அடி தூரத்தில், நம் பிட்ச்சை விடக் கொஞ்சம் கிட்டே. பந்து தரையில் குத்தாமலே வருகிறது. முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ், அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பதினேழு அங்குல அகலத் தட்டுக்கு நேராக வந்தால்தான் அது நல்ல பந்து. நான்கு கெட்ட பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு, நடந்தே போகலாம். நான் எங்கே விட்டேன்? தரையைத் தொடப்போவதையும் விரட்டி விரட்டிச் சுழற்றினேன். ஒருநாள் மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்பக்கம் பறந்ததைப் பார்த்து, லேட் கட் நான்கு ரன் என்று நினைத்துக் கத்தியே விட்டேன். ஃபவுல்! பின்னால் போனால் ரன் இல்லை என்பது மூளைக்குப் புரிந்த பிறகும் விரலுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

கற்றுக்கொடுத்தது இந்த ஆட்டத்தின் ஒரு சின்ன வசதிதான். வீசுபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் கணத்தில், அது என்ன வகைப் பந்து என்பதற்கேற்ப ஒரு நிறம் மின்னி மறையும். கண் சிமிட்டினால் போச்சு. அதைப் பார்த்துப் பழகியபோதுதான் அடிப்பதை விட விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. பந்துவீச்சும் அப்படித்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு அளவுகோல் ஏறும்; கையை எடுத்ததும் இறங்கும்; பச்சைப் பகுதியில் சரியாக மறுபடி தட்ட வேண்டும். பேராசையாக முழு வேகம் வைத்தால் குறி தப்பும்.

சான் பிரான்சிஸ்கோ அணியில் ஜான் டவுட் என்று ஒருவர் இருக்கிறார். யார் இந்த ஆள், இப்படி அடிக்கிறார் என்று வெகுநாள் குழம்பினேன். அவர் உண்மையில் அந்த அணியின் நிஜ அதிரடி வீரர் பாரி பாண்ட்ஸ். வீரர்கள் சங்கத்தின் பொது ஒப்பந்தத்தில் அவர் சேரவில்லை என்பதால் ஆட்டத்தில் அவர் பெயரைப் போட முடியவில்லை. 2004 பருவத்தில் எதிரணிகள் பயந்துபோய் அவரை 232 முறை நடக்க விட்டிருக்கின்றன. நானும் டவுட் வந்தால் நடக்கத்தான் விடுவேன், வெட்கமில்லை.

எனக்குப் பிடித்த மைதானம் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு. கடல் மட்டத்துக்கு 5,280 அடி மேலே உள்ள ஊர். காற்று லேசு என்பதால் பந்து தூரம் போகும். நம் குன்னூர் அதற்கும் மேலே. 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள், காய்ந்துபோனால் இன்னும் பறக்கும் என்று. அவர்கள் பந்துக்கு ஈரம் ஊட்டுகிறார்கள், நான் சிடியை ஈரத்திலிருந்து காப்பாற்றப் பல்பு எரிக்கிறேன்.

குறைகளும் உண்டு. விசைப்பலகையில் பேட்டிங் செய்வது கொடுமை, கேம்பேடு கட்டாயம். அகலத் திரையில் வீரர்கள் எல்லாரும் தொப்பை போட்டவர்களாகத் தெரிகிறார்கள். புது லேப்டாப்பில் என் சிடி ஓடவே இல்லை. அந்தக் காலத்துத் திருட்டுத் தடுப்புப் பூட்டுகள் பலவற்றை இன்றைய கணினிகள் ஏற்பதில்லை என்றார்கள். அதனால் பழைய பெட்டியையே வைத்திருக்கிறேன். பவர் சப்ளை இரண்டு முறை, மதர்போர்டு பேட்டரி நான்கு முறை மாற்றியாயிற்று. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "இதைத் தூக்கிப் போடுங்க சார்" என்பார். இதன் அடுத்த பதிப்பைத் தேடுபவர்களுக்கு: தேட வேண்டாம். 2005-ல் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் உரிமம் டேக்-டூ நிறுவனத்துக்குப் போனதால், இதைத் தயாரித்த ஈஏ ஸ்போர்ட்ஸின் இந்த வரிசையில் மேஜர் லீக் ஆட்டம் இதோடு நின்றுவிட்டது.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். செல்போனில் சுட்டுக்கொண்டே இருப்பவன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பால் (கெட்ட பந்து), இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறியவை). வெளியே மேகம் ஜன்னலை மூடியிருந்தது. கரண்ட் போய் யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது. பந்து வந்தது, தாழ்வாக, வெளியே. கை வைக்கவில்லை.

"மாமா, அடிக்காம ஏன் சும்மா நிக்கறீங்க?"

பதில் சொல்வதற்குள் என் ஆள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தான். கேம்பேடை அவன் கையில் கொடுத்தேன். முதல் பந்திலேயே சுழற்றினான். பந்து பின்பக்கம் பறந்தது. "ஃபோர்!" என்று கத்தினான்.