கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனி வகுப்பா, டபுள் பிரமோஷனா, அதே பெஞ்சா?

ஆசிரியர் பலகையில் பத்துக் கணக்குகளை எழுதிவிட்டுத் திரும்புகிறார். அதற்குள் ஒரு பிள்ளை எட்டைப் போட்டு முடித்துவிட்டது. மற்றவர்கள் முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? வழக்கமாக நடப்பவை மூன்று. அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கிடைக்கும், சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல. இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் வேலை வரும். அதுவும் இல்லையென்றால் வாயடித்து, வகுப்புக்கு வெளியே போய் நிற்கும்.

மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் வேண்டுமா என்ற கேள்வி இந்த அரை மணி நேரத்தைப் பற்றியதுதான். ஆனால் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் அதை விட்டுவிட்டு சமத்துவம், மேட்டிமை, நாட்டின் எதிர்காலம் என்று எங்கோ போய்விடுகிறோம்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. முழுநேரத் தனிப் பள்ளி அல்லது தனி வகுப்பு. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பிரித்தெடுத்துச் சொல்லித்தருவது. வேகமாக மேலே ஏற்றுவது, அதாவது டபுள் பிரமோஷனோ ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்போ. கடைசியாக, அதே வகுப்பிலேயே வைத்து வேறு வேலை தருவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வழி, அதிலும் பாடவாரியாக ஏற்றுவது. ஏன் என்பதற்கு முன் ஒரு சிக்கலைக் கடக்க வேண்டும்.

யார் அந்தப் பிள்ளை?

தனி வகுப்பு என்றால் வாசலில் ஒரு தேர்வு வேண்டும். அங்கேதான் தடுமாற்றம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய ஆய்வில் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர ஏற்பாடு செய்தார். பெரும்பாலானவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அதே சோதனையில் போதிய மதிப்பெண் வராமல் கழிக்கப்பட்ட இரு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரஸும். 1956இல் ஒருவருக்கும் 1968இல் மற்றவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை.

இதை வைத்துச் சோதனையே வீண் என்று சொல்ல மாட்டேன். கோடு போட்டுப் பிரிப்பதில்தான் எனக்குத் தயக்கம். பல இடங்களில் ஐ.க்யூ. 130 என்று கோடு போடுகிறார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர் அதைத் தாண்டுவார்கள். 129 வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் எழுதினால் 132 வாங்கலாம், 126ம் வாங்கலாம். வயது குறையக் குறைய இந்த ஆட்டம் அதிகம். நியூயார்க் நகரம் பல ஆண்டுகள் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே இப்படிச் சோதனை வைத்தது. நான்கு வயதில் அளக்கப்படுவது பிள்ளையின் மூளையா, பெற்றோரின் கோச்சிங் செலவா? அந்த நகரின் மேயர் 2021இல் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். அடுத்து வந்தவர் 2022இல் அதைத் திரும்ப விரிவாக்கினார். இன்றும் சண்டை ஓயவில்லை.

ஆசிரியர் பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் சோதனை வைப்பதிலும் ஓட்டை உண்டு. பளிச்சென்று பேசும், கையெழுத்து அழகாக இருக்கும், வசதியான வீட்டுப் பிள்ளை முதலில் கண்ணில் படும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) 2005இல் பரிந்துரையை விட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல்கட்டச் சோதனை வைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் பட்டியலில் வெகுவாகக் கூடினார்கள். பிள்ளைகள் அங்கேயேதான் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் டிஸ்லெக்சியா பிள்ளை ஒன்று கணக்கில் புலியாக இருந்தால் அது மீத்திறன் பட்டியலிலும் உதவி தேவைப்படுவோர் பட்டியலிலும் விழாமல் நடுவில் போய்விடும் என்பது தனிக் கதை.

தனி வகுப்பு: யாருக்கு லாபம்?

தனி வகுப்பின் பெரிய வரம் துணை. டைனோசர் பற்றியோ பகா எண் பற்றியோ பேசினால் கண்ணை உருட்டாத நாலு பேர் கிடைப்பது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தன் மூளையை மறைத்து வைத்து, தெரிந்த விடைக்கும் கை தூக்காமல் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்போம். அந்த இலுப்பைப்பூவைக் கொண்டுபோய்ச் சர்க்கரை ஆலையிலேயே போட்டால்? ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இதைத்தான். ஒரே திறமையுள்ள இரு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளிக்குப் போன பிள்ளை தன் படிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடுகிறது. 26 நாட்டு மாணவர்களின் தரவை எடுத்துப் பார்த்தபோதும் இதே போக்கு தெரிந்தது. ஒரு சில பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து என்று நினைக்கிறேன். எப்போதும் முதல் ரேங்க் வாங்கியே பழகியவர்களுக்குக் கொஞ்சம் தோற்கத் தெரிய வேண்டும். எல்லாருக்கும் அது மருந்தாகாது.

அப்புறம், படிப்பில் என்ன லாபம்? பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளை 2014இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. மயிரிழையில் உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பள்ளிகளின் ஜொலிப்பில் பெரும்பகுதி அங்கே போன பிள்ளைகள் கூடவே கொண்டுபோனது.

இன்னும் சுவையான முடிவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், நான்காம் வகுப்பில் ஒரே ஒரு மீத்திறன் பிள்ளை இருந்தாலும் தனி வகுப்பு திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. மீதி இடங்களை முந்தைய ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த சாதாரணப் பிள்ளைகளை வைத்து நிரப்பினார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, ஐ.க்யூ. கோட்டைத் தாண்டி வந்தவர்களுக்குப் பெரிய மதிப்பெண் உயர்வு தென்படவில்லை. இடம் நிரப்ப வந்தவர்களில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள்தான் வெகுவாக முன்னேறினார்கள். யாருக்காக வகுப்பு திறந்தார்களோ அவர்களை விட, காலி பெஞ்சை நிரப்ப வந்தவர்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது!

அப்படியானால் தனிப் பள்ளியே வேண்டாமா? இங்கே ஒரு விலக்கு வைக்கிறேன். 1962இல் புடாபெஸ்டின் ஃபாசேகாஷ் பள்ளியில் கணிதத்துக்கென்றே ஒரு சிறப்பு வகுப்பு தொடங்கினார்கள். கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசை 2021இல் வாங்கிய லாஸ்லோ லோவாஸ் அங்கே படித்தவர். 1963இல் மாஸ்கோவில் கணித மேதை கோல்மோகோரோவ் முன்னின்று ஒரு விடுதிப் பள்ளி திறந்தார். தலைநகருக்குத் தொலைவில் உள்ள ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள். இவை 'அறிவாளிப் பிள்ளை' என்ற பொதுப் பட்டத்துக்கான பள்ளிகள் அல்ல. கணக்கென்றால் சோறு தண்ணீர் மறந்துபோகும் பதின்வயதினருக்கு, கணக்கில் தோய்ந்த ஆசிரியர்களைக் கொண்டு நடத்தியவை. வயது கூடுதல், பாடம் குறிப்பானது, ஆர்வம் வெளிப்படையானது. எட்டு வயதில் பொதுச் சோதனை வைத்துப் பிரிப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பிள்ளை கெட்டிக்காரனாக இருப்பதில்லை. புதிர், ரோபோ, விவாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் அதே பத்துக் கணக்கு காத்திருக்கும். போதாததற்கு, போன நேரத்தில் நடந்த பாடத்தையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல். மலிவாக நடத்தலாம், பெற்றோருக்குக் காட்டிக்கொள்ளலாம் என்பதால் பள்ளிகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

மேலே ஏற்றுவது

டபுள் பிரமோஷன் என்றதும் பயம் வருகிறது. "பெரிய பிள்ளைகளோடு எப்படிப் பழகும்?" என்பார்கள். உடனே வில்லியம் சைடிஸ் கதை வரும். 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தவர். பின்னாளில் சாதாரண எழுத்தர் வேலைகளைப் பார்த்துக்கொண்டு, விளம்பரத்துக்கு ஓடி ஒளிந்து, 46 வயதில் இறந்தார். ஆனால் அதே காலத்தில் அதே ஹார்வர்டில் இன்னொரு சிறுவன் இருந்தான். 14 வயதில் பட்டம் வாங்கி வந்து, 18 வயதில் முனைவரான நார்பர்ட் வீனர், இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் துறையை நிறுவியவர். அவருக்கும் அந்த இளமை இனிக்கவில்லை, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆக ஒரு கதையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

கதைகளை விட்டு ஆய்வுகளுக்கு வந்தால் காட்சி தெளிவாகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யைக் கொடுத்துப் பார்த்தார். யோசித்தால் எளிய விஷயம். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று அந்தத் தேர்வு சொல்லாது. ஓரடி ஸ்கேலை வைத்து ஆளின் உயரத்தை அளக்க முடியுமா? அந்தப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், கணக்கில் ஒரே அளவு கெட்டிக்காரர்களில் வகுப்பு தாண்டி ஏறியவர்கள், தாண்டாதவர்களைக் காட்டிலும் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டமும் காப்புரிமையும் பெறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மனநலத்தைப் பொறுத்தும், சரியாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினால் பொதுவாகப் பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. வேறு திட்டங்களுக்குக் கிடைக்காத அளவு ஆதரவு இதற்கு ஆய்வுகளில் இருக்கிறது. செலவோ ஏறக்குறைய இல்லை. இருந்தும் பள்ளிகள் மிகவும் தயங்குவது இதற்குத்தான்.

என் விருப்பம் பாடவாரியாக ஏற்றுவது. கணித மேதை டெரன்ஸ் டாவோவின் சிறுவயதைப் பாருங்கள். பெற்றோர் அவரை ஒட்டுமொத்தமாகத் தூக்கி மேலே வைக்கவில்லை. கணக்குக்கு மேல் வகுப்பு, மற்ற பாடங்களுக்கு அதைவிடக் கீழே, பாடத்துக்குப் பாடம் வேறு வகுப்பு என்று விட்டார்கள். 1986இல் 10 வயதில் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் வெண்கலம் வாங்கியவர் அவர். 2006இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வந்தது. எல்லாரும் டாவோ ஆக மாட்டார்கள், சரி. ஆனால் கணக்கில் மூன்று ஆண்டு முன்னால் இருந்துகொண்டு கட்டுரை எழுதுவதில் வயதுக்கேற்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு முத்திரை வேண்டாம், பட்டியல் வேண்டாம். முடியவில்லை என்றால் சத்தமில்லாமல் பழைய வகுப்புக்குத் திரும்பலாம். தனிப் பள்ளியிலிருந்து அப்படித் திரும்பி வருவது எவ்வளவு வலி!

அதே வகுப்பில்

நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் நடத்து என்று ஆசிரியரிடம் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒரு சின்ன ஏற்பாடு சாத்தியம்: பாடம் தொடங்கும் முன்பே அந்தப் பாடத்தின் கடைசித் தேர்வைக் கொடுத்துப் பார்ப்பது. தெரிந்த பகுதியை விட்டுவிட்டு, மிஞ்சும் நேரத்தில் அந்தப் பிள்ளை வேறு எதையாவது ஆழமாகச் செய்யலாம். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் இதைச் செய்து பார்த்தபோது, திறமையான பிள்ளைகளுக்குப் பாடத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை வெட்டியும் மதிப்பெண் குறையவில்லை. அந்தப் பாடத்தில் ஏறக்குறைய பாதி!

சிங்கப்பூரின் பாதை இங்கே கவனிக்கத் தக்கது. 1984 முதல் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரைக் குறிப்பிட்ட சில பள்ளிகளுக்கு அனுப்பி வந்த நாடு அது. 2024இல் அந்த வடிவத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இனி ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் பிள்ளைகளைத் தானே அடையாளம் கண்டு கற்பிக்கும். கூடுதல் வேகம் தேவைப்படுபவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு அருகிலுள்ள மையத்துக்குப் போவார்கள். திறமைசாலிகளை அது கைவிடவில்லை. பள்ளி மாறாமலே அவர்களைக் கவனிக்கப் பார்க்கிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஐ.க்யூ. சான்றிதழுக்கு அலைவதற்கு முன் அடுத்த வகுப்பின் ஆண்டுத் தேர்வுத் தாளை வாங்கி, சும்மா உட்கார வைத்துப் பாருங்கள். 80, 90 எடுத்தால் அந்தத் தாளோடு பள்ளிக்குப் போங்கள். தனித் திட்டம் எதுவும் கேட்க வேண்டாம். இரண்டு வகுப்புகளுக்கும் கணக்கு பீரியட் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி டைம்டேபிளைப் போட முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.