முதல் வேலை: காற்றாலை சைட்டா, கங்கைகொண்டான் ஆலையா?

ஈ.இ.இ. அல்லது மெக்கானிக்கல் முடித்துவிட்டு வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், நாங்குநேரி பக்கம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, காற்றாலைகளைப் பராமரிக்கும் ‘ஓ அண்ட் எம்’ சைட் வேலை. மற்றது கங்கைகொண்டான் சிப்காட் ஆலை வேலை, குறிப்பாக சோலார் செல், பேனல் தயாரிப்பு. இவற்றோடு மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலும் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் அப்ரண்டிஸ் உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப்போய் சென்னையில் சாப்ட்வேர் கோர்ஸ் சேர்வதும் உண்டு. அது எல்லாருக்கும் தெரிந்த பாதை.

என் சாய்வு காற்றாலைப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது நிறைவேறாவிட்டால் ஆலையே மேல்.

சம்பளம், தூரம், ஷிப்ட் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தொடக்கச் சம்பளத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. ஆலையில் கம்பெனி பஸ், கேன்டீன், எட்டு மணி நேர ஷிப்ட், தலைக்கு மேல் கூரை. சைட்டில் பைக், வெயில், சாரல், ஏணி. வசதி என்று பார்த்தால் ஆலைதான். யோசிக்க வேண்டியது மறுவிலையை: இரண்டு வருஷம் கழித்து அந்த அனுபவத்தை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள்?

ஆலையிலிருந்தே ஆரம்பிப்போம். கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை 4.3 ஜிகாவாட் திறன் கொண்டது. 2023-இல் பேனலும் 2024-இல் செல்லும் அங்கே தயாராகத் தொடங்கின. பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்த ஆலை அது. காற்றாலை சைட்டில் கோபுரம் ஏறும் வேலைக்குப் பெண்களை எடுப்பது இன்னும் அபூர்வம் என்பதால், பெண் பிள்ளைகளுக்கு என் சாய்வு அப்படியே பொருந்தாது. அரசுத் திட்டங்களுக்கான சோலார் செல்லும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு மத்திய அரசு குறித்த தேதி 2026 ஜூன் 1. நாடு முழுக்க செல் ஆலைகள் எழும்புவதற்கு அது ஒரு காரணம். ஆக, செல் லைனில் வேலை கற்றவருக்கு வெளியே கிராக்கி இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஆலைக்குள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதில். பேனல் லைனில் செல்களை ரிப்பனால் கோக்கும் ஸ்ட்ரிங்கர், லே-அப், விரிசலைப் படமெடுத்துக் காட்டும் ஈ.எல். சோதனை, லேமினேட்டர், பிரேம், ஜங்ஷன் பாக்ஸ், பிளாஷ் டெஸ்ட் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். புதிதாகச் சேரும் இன்ஜினியரை புரொடக்ஷனில் போட்டால் அவர் பார்ப்பது பெரும்பாலும் ஆள் கணக்கும் பீஸ் கணக்கும்தான். இன்றைக்கு இத்தனை பேர் வரவில்லை, இத்தனை பேனல் குறைந்தது, ஏன். இரண்டு வருஷம் இதை ஓட்டினால் மிஞ்சுவது ‘ஷிப்ட் சூப்பர்வைசர்’ என்ற ஒரு வரி. அதே ஆலையில் ப்ராசஸ் அல்லது எக்யூப்மென்ட் மெயின்டெனன்ஸில் இருப்பவர், ஸ்ட்ரிங்கரில் சால்டர் ஏன் பிடிக்கவில்லை, வெப்பமா, பிளக்ஸா, ரிப்பன் நகர்ந்ததா என்று தேடிப் பழகுகிறார். ஈ.எல். படத்தில் தெரியும் கறுப்புக் கீறலைப் பார்த்து விரிசல் எந்த ஸ்டேஷனில் விழுந்தது என்று சொல்லப் பழகுகிறார். அவருக்கு விலை உண்டு. ஆகவே ஆலைக்குப் போவதென்றால் நேர்காணலிலேயே ‘எந்த டிபார்ட்மென்ட்?’ என்று கேளுங்கள். ‘ஜாயின் பண்ணுங்க, பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் புரொடக்ஷன்.

காற்றாலையில் இந்தப் பிரிவினை இல்லை, அல்லது குறைவு. 690 வோல்டில் மின்சாரம் உண்டாகி, டிரான்ஸ்பார்மரில் 33 கிலோவோல்டுக்கு ஏறி, சப்-ஸ்டேஷன் போய்ச் சேரும் வரை எல்லாம் ஒரே சின்னக் குழுவின் பொறுப்பு. கியர்பாக்ஸ் எண்ணெய் சாம்பிள் எடுப்பதும், போல்ட்டின் இறுக்கத்தை (டார்க்) பார்ப்பதும், ஜெனரேட்டரின் மின்காப்பை மெக்கரால் அளப்பதும், வி.சி.பி. என்ற பெரிய பிரேக்கர் ட்ரிப் ஆனால் ரிலே பதிவைப் பார்ப்பதும் அதே ஆட்கள்தான். மெக்கானிக்கல் பையன் எலக்ட்ரிக்கல் கற்றுக்கொள்கிறான், எலக்ட்ரிக்கல் பையன் பேரிங் சத்தம் கேட்கப் பழகுகிறான்.

ஒரு பழுதைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆடி மாதம், ராத்திரி இரண்டு மணி, நல்ல காற்று. 2.1 மெகாவாட் மெஷின் ஒன்று ‘பிட்ச் பேட்டரி வோல்டேஜ் லோ’ என்று காட்டி நிற்கிறது. முழுக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் 2,100 யூனிட் போச்சு. பேட்டரி வைத்த மாடல்களில் ஒவ்வொரு இறக்கைக்கும், இறக்கைகள் சேரும் நடுப்பகுதியான ஹப்புக்குள் ஒரு பேட்டரிப் பெட்டி இருக்கும். கிரிட் போனாலும் இறக்கையைத் திருப்பி மெஷினை நிறுத்துவதற்கான அவசர மின்சாரம் அது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ரீசெட் கொடுத்தால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். மூன்று ரீசெட் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறவர் இருக்கிறார். காற்று தணியும் நேரம் பார்த்து ஏறி, ரோட்டரைப் பூட்டி, ஹப்புக்குள் நுழைந்து, பேட்டரிகளை லோடு கொடுத்து ஒவ்வொன்றாக அளப்பவரும் இருக்கிறார். பேட்டரி போயிருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்து சார்ஜர் போயிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, சுழலும் ஹப்புக்கு மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங்கில் தொடர்பு விட்டிருக்கலாம். பேட்டரிதான் என்றால், செத்ததை மட்டும் மாற்றினால் பழையதோடு சேர்ந்து புதியதும் சீக்கிரம் கெடும். செட்டாக மாற்ற வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர சைட்டில் பதினைந்து வருஷம் ஏணி ஏறிய டெக்னீசியன் அண்ணாச்சி ஒருவர் இருப்பார். டிகிரி வைத்திருக்கிறோம் என்ற மிடுக்கோடு அவரிடம் போனால் ஒன்றும் பெயராது. “அண்ணாச்சி, இதை நான் அளந்து பாக்கட்டுமா?” என்று கேட்டால் எல்லாம் கிடைக்கும்.

இந்த அனுபவத்தை வாங்குவோர் பல திசையில் இருக்கிறார்கள்: குஜராத், கர்நாடகக் காற்றாலைகள், சோலார் பார்க்குகள், சப்-ஸ்டேஷன் காண்டிராக்டர்கள், பேட்டரி சேமிப்பு நிலையங்கள். உள்ளூரிலும் வேலை வறளாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு நிற்கும் மெஷின்களில் 225, 250 கிலோவாட் பழசுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். யாருடைய பே-ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறீர்கள்?

சைட் வேலையில் பலரும் மெஷின் தயாரித்த கம்பெனியில் நேரடியாக இருப்பதில்லை, ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டரிடம் இருக்கிறார்கள். சட்டையில் ஒரு பெயர், சம்பள ஸ்லிப்பில் வேறொரு பெயர். பராமரிப்பு ஒப்பந்தம் கை மாறும்போது அதே ஆள் அதே மெஷினில் நின்றாலும் முதலாளி மாறிவிடுவார். இப்படி மூன்று வருஷத்தில் மூன்று காண்டிராக்டர் மாறி, ஒருவரிடமும் அனுபவச் சான்று வாங்காதவர் அடுத்த நேர்காணலில் எதைக் காட்டுவார்? புதுக் கம்பெனி சரிபார்ப்பதற்கு முதலில் கேட்பது பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணை. அதில் எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சேர்ந்தது, எந்தத் தேதியில் விலகியது என்று வரிசையாக இருக்கும். அங்கே இல்லாத அனுபவத்தை வாயால் விற்பது கஷ்டம். யாரிடம் சேர்ந்தாலும் இந்தப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும், அதுதான் என் நிபந்தனை.

ஆகவே சேர்ந்த இரண்டாம் மாதமே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லிப்பில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் காண்டிராக்டர்கள் உண்டு. ஆபர் லெட்டரில் பதவி ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்று இருக்க வேண்டும். ‘டெக்னீசியன்’, ‘ஹெல்பர்’ என்று இருந்தால் சேருவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள், பிறகு மாற்ற மாட்டார்கள். விலகும்போது விலகிய தேதியைப் பதிவு செய்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் செய்யாவிட்டால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு என்று சொல்லும் தொகையையும் உடைத்துப் பாருங்கள். மாதம் 18,000, அதில் பேசிக் 12,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு பி.எஃப். 1,440, கிராஜுவிட்டி 577, முதலாளி பங்கு ஈ.எஸ்.ஐ. சுமார் 503 என எல்லாம் அந்த 18,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதி 15,480. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,440, ஈ.எஸ்.ஐ. 116 போனால் கையில் வருவது சுமார் 13,900. வள்ளியூரில் வீட்டுச் சாப்பாட்டோடு 13,900 என்பது வேறு, அதே தொகையில் சென்னையில் மேன்ஷன் வாடகை கட்டுவது வேறு. ஊர்ப்பக்க வேலைக்கு இது பெரிய பலம்.

உயர வேலைக்கான ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) பாதுகாப்புப் பயிற்சியைச் சொந்தக் காசில் முன்கூட்டியே முடிக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அந்தச் சான்றுக்கு ஆயுள் 24 மாதம். வேலை கிடைப்பதற்குள் பாதி ஓடிவிடும், ஒழுங்கான கம்பெனி தானே அனுப்பும். சி லைசென்ஸ் எனப்படும் மின் மேற்பார்வையாளர் சான்று வேறு கதை. ஈ.இ.இ. படித்தவர்கள் அனுபவக் காலம் முடிந்ததும் அதற்கு மனுப் போட்டுவிட வேண்டும். அதற்கும் அனுபவச் சான்று தேவை.

மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் இரண்டிலும் பட்டதாரி அப்ரண்டிஸ் ஒரு வருஷம். உதவித்தொகைதான், நிரந்தர வேலைக்கு உறுதி கிடையாது. ஆனாலும் நல்ல வருஷம். இங்கே வரிசை முக்கியம்: ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் அப்ரண்டிஸுக்குத் தகுதி போய்விடும். ஆகவே அது வேண்டுமென்றால் முதலில் அது, பிறகு சைட். வேலையில் சேர்ந்துகொண்டே ‘அடுத்த வருஷம் போடலாம்’ என்பது நடக்காது.

சென்னை கோர்ஸ் பற்றி ஒரே வார்த்தை: கல்லூரியிலேயே கோடிங்கில் கை ஓடியவர்கள் போகட்டும். ஓடாதவர்கள் கடன் வாங்கி ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ போர்டுக்குக் கீழே போய் நிற்க வேண்டாம். சாப்ட்வேர் என்றாலே சென்னைதான் என்பதும் பழைய கணக்கு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ பல வருஷமாக இருக்கிறது.

சைட்டின் கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை சீசன், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். நூறு மீட்டர் ஏணி முட்டிக்கு நல்லதல்ல, எல்லா கோபுரத்திலும் லிப்ட் கிடையாது. இடி மின்னல் அறிகுறி தெரிந்தால் இறங்கிவிட வேண்டும் என்ற விதியை, ஜெனரேஷன் போகிறதே என்று சில சைட்டுகளில் மீறச் சொல்வார்கள். பெர்மிட் இல்லாமல், மின்சாரம் வரும் எதிர்முனை பிரேக்கரைப் பூட்டி எச்சரிக்கை டேக் போடாமல் கை வைக்கச் சொல்லும் இடத்தில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மெஷின் மாடல், எரர் கோடு, அளந்த அளவு, செய்த வேலை, எத்தனை மணி நேரம் நின்றது. கம்பெனி டிராயிங்கையோ டேட்டாவையோ அதில் ஒட்ட வேண்டாம், உங்கள் கையெழுத்து மட்டும் போதும். அடுத்த நேர்காணலில் ‘என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில்.

சீசனுக்கு முந்தைய வருடாந்திரப் பராமரிப்பு மாசி, பங்குனியில் நடக்கும். சைட்டுகளுக்குக் கூடுதல் ஆள் தேவைப்படுவது அப்போதுதான். இறுதி செமஸ்டர் புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயோடேட்டாவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ரிசல்ட் வந்து சாவகாசமாக ஆடியில் போய் நின்றால், வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார்.