கடின நீருக்கான கார்பெட் செடி விதை என்று விற்றால் வாங்காதீர்கள்

நேற்று ராத்திரி 11 மணி தாண்டியும் மீன் தொட்டிக்குள் கையை விட்டு அழுகின செடியை அள்ளிக்கொண்டிருந்தேன். சோப்பு போட்டு மூன்று தடவை கழுவியும் கை நாற்றம் போகவில்லை. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தொட்டியின் தரை முழுக்கக் கம்பளம் மாதிரி பச்சையாகப் படரும் என்று நம்பி இந்தக் கார்பெட் செடி விதைக்கு நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம்.

என் வீட்டுக் குழாயில் வருவது நல்ல கடின நீர். கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) சோதிக்கும்போது சோதனைத் திரவம் 14 சொட்டு விட்ட பிறகுதான் நீலம் மஞ்சளாகும், அதாவது கே.எச். 14. ஜி.எச்., அதாவது மொத்தக் கடினத்தன்மை, 18. பி.எச். (அமில-காரத் தன்மை) எப்போதும் 8-ஐ ஒட்டியே நிற்கும். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைப் படிவு. இதில் தரைச்செடி வருமா என்ற பயத்தில்தான், செடி விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் வாங்குவதற்கு முன்னாலேயே விசாரித்தேன்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பதில் சொன்னவர் எடுத்த எடுப்பில் “கே.எச். எவ்வளவு, ஜி.எச். எவ்வளவு சார்?” என்று கேட்டார். அதுவரை செடி விற்ற ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த நிமிடமே நம்பிவிட்டேன். எண்களைச் சொன்னதும், “பயப்படாதீங்க சார், இந்த விதை கடின நீருக்குன்னே வந்தது. தண்ணியில கார்பன் டை ஆக்சைடு வாயு விட வேண்டாம், சாதாரண விளக்கே போதும்” என்றார். ஆறு பாக்கெட் விதை, கூடவே கே.எச்.-ஐ இறக்கும் மண் மூன்று மூட்டை, ஓர் உர பாட்டில். மண் இரண்டு வருஷம் தாங்கும் என்றார். அன்றே பணம் கட்டினேன்.

ஈர மண்ணில் தூவிய நாலாம் நாளே முளைத்தது. இரண்டு வாரத்தில் கண்ணைப் பறிக்கும் பச்சை. படம் எடுத்து அவருக்கே அனுப்பி நன்றியும் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் எரிகிறது. அப்புறம் தண்ணீர் நிரப்பி, பழைய தொட்டியில் ஓடிய ஃபில்டரை மாட்டி, ஐந்து மோலி மீன்களை விட்டேன். மூன்றாவது வாரம் தண்டு நீண்டு வெளுத்தது, இலைகள் கண்ணாடி மாதிரி ஆயின, பிறகு மொத்தமாக அழுகி மிதந்தது. அம்மோனியா ஏறியது. மண்ணின் சக்தி அதற்குள் தீர்ந்து கே.எச். 13-க்குத் திரும்பியிருந்தது, பி.எச்.சும் கூடவே ஏறிவிட்டது. பி.எச். உயர உயர அம்மோனியாவில் விஷமான பங்கு கூடும். மூன்று மோலிகள் செத்துப்போயின.

கடைக்காரரைக் கேட்டேன். முதலில், “வெளிச்சம் அதிகம், ஆறு மணி நேரமாகக் குறைங்க.” குறைத்தேன். அடுத்த வாரம், “வெளிச்சம் பத்தலை, நம்மகிட்டயே நல்ல விளக்கு இருக்கு.” கடைசியில் அவர் சொன்னது: “உங்க தண்ணி ரொம்பக் கடினம் சார், அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?” எண்களைக் கேட்டு வாங்கியவர் சொல்கிற பேச்சா இது? பழைய உரையாடலைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. அந்தக் கடை இயங்கும் தளத்தில் முறையிட்டால், பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். முளைத்து, தண்ணீர் நிரப்பி, அழுகுவதற்கே அதைவிடப் பல வாரம் ஆகும்போது யார்தான் 7 நாளில் சொல்ல முடியும்? அரை மாதச் சம்பளம் போனது போனதுதான்.

பிறகு தேடிப் படித்ததில் புரிந்தது. இப்படி வருபவை பெரும்பாலும் நிலத்தில் வளரும் செடிகளின் விதைகள். நீருக்குள் மூழ்கடித்தால் செடிக்குள் சேர்ந்திருக்கும் சத்து இருக்கும்வரை தாக்குப்பிடித்துவிட்டு அழுகிவிடும். மாண்டி கார்லோ, கியூபா போன்ற உண்மையான கார்பெட் செடிகள் சின்னச் செடிச் சட்டியிலோ திசு வளர்ப்புக் கப்பிலோதான் விற்பனைக்கு வரும், விதையாக அல்ல.

கடின நீருக்கு எந்தச் செடி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. குள்ள சாஜிட்டேரியா கடின நீரைத் தாங்கும், கார்பன் டை ஆக்சைடு இல்லாமலும் ஓடுதண்டு விட்டுப் படரும். மார்சிலியாவும் வரும், ஆனால் மிக மெதுவாக. மாண்டி கார்லோ வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடுக்கும் சேர்த்துச் செலவு வையுங்கள். யூட்ரிகுலேரியா கிராமினிஃபோலியா மென்மையான நீர் கேட்கும், இந்தத் தண்ணீருக்கு வேண்டவே வேண்டாம். கே.எச். 14 இருக்கும்போது மண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அது தேய்ந்துகொண்டே போகும். விதை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்று காலை பார்த்தேன், அதே பாக்கெட் அதே கடையில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கீழே நான் அனுப்பிய அந்த இரண்டாம் வாரப் பச்சைப் படத்தையும் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.