ஸ்கேன் அறையில் சித்தி கேட்ட கேள்வி

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரமும் சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதிலேயே கழிந்தது. கணையத்தில் கட்டி. கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுக்காக இரண்டு நாள் அலைய விட்டார்கள், அது போகட்டும். டாக்டர் எங்களுக்கு ஒதுக்கிய அரைமணி நேரத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

அல்ட்ராசவுண்ட் மூலம் மருந்தைக் கட்டிக்குள் கூடுதலாக இறக்குவது பற்றிப் புறப்படும் முன்பே படித்திருந்தேன். ஒரு மையத்துக்கு ஃபோன் செய்தபோது, "இருக்கு சார், கூட்டிட்டு வாங்க" என்றார்கள். துருவிக் கேட்ட பிறகுதான், ஒலியைக் குவித்துக் கட்டியைச் சூட்டில் பொசுக்கும் முறை அது என்று தெரிந்தது. அதுவும் சிகிச்சைதான், ஆனால் மருந்து செலுத்துவது அல்ல. தவிப்போடு கூப்பிடுகிற குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தப்பு.

டாக்டர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சித்தியைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மா, கணையக் கட்டியில நார்த்திசு இறுகிப்போய் ரத்தக்குழாயை நெருக்கிடும். ஏத்துற மருந்துல கொஞ்சம்தான் உள்ளே போகும், மிச்சம் உடம்பெல்லாம் சுத்தும்." வாந்தியும் அசதியும் எதனால் என்று சித்திக்கு அன்றுதான் விளங்கியது.

இதற்குத்தான் நுண்குமிழிகள். மெல்லிய கொழுப்பு உறைக்குள் வாயு. பெரும்பாலும் சிவப்பணுவை விடச் சிறியவை. ஸ்கேன் படம் தெளிவாக விழுவதற்காக ஏற்கெனவே ஊசியில் ஏற்றுபவைதான். மருந்தோடு இவற்றையும் ரத்தத்தில் விட்டு, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒலியைச் செலுத்தினால், குமிழிகள் விரிந்து சுருங்கிக் குழாய்ச் சுவரைத் தளர்த்தும். அந்த இடுக்கு வழியே மருந்து இறங்கும். நார்வேயின் பெர்கன் நகரில் கணையப் புற்றுநோயாளிகள் 10 பேருக்கு ஜெம்சிடாபின் என்ற கீமோ மருந்தோடு இதைச் செய்து பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி கூடுதல் பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை. அதற்குப் பயன்பட்டது வழக்கமான ஸ்கேன் மெஷின்தான் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சித்தியின் வயிற்றில் ஜெல் தடவி வைத்துப் பார்க்கிறார்களே, அந்த வகை.

ஆக்ஸ்போர்டில் வேறு வழி. சுமார் 40 டிகிரியில் திறந்துகொள்ளும் கொழுப்புறைக்குள் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்து ஏற்றி, கல்லீரல் கட்டியை மட்டும் ஒலியால் இளஞ்சூடாக்கினார்கள். கட்டிக்குள் சேர்ந்த மருந்து சராசரியாக 3.7 மடங்கு கூடியதாக 2018இல் வெளியிட்டார்கள். அதிலும் 10 பேர்தான்.

"அப்ப எனக்கும் செய்யலாமா டாக்டர்?"

"இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கும்மா. பெர்கன்ல பழைய நோயாளிங்க கணக்கோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, அதை வெச்சு முடிவு சொல்ல முடியாது. உங்களுக்குப் பொருந்துற ட்ரயல் வந்தா நானே கூப்பிடுறேன். இந்தக் கீமோவை மட்டும் நடுவுல விட்டுடாதீங்க."

ஆசை காட்டவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அடுத்த ஸ்கேன். படுத்தபடியே சித்தி, "அந்தக் குமிழியை ஏத்தினா இதுல தெரியுமாம்மா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டார். அந்தப் பெண் திரையைச் சித்தி பக்கம் திருப்பி, எங்கே தெரியும் என்று விரலால் காட்டினார்.