தினம் ஒரு மாத்திரையா, இரண்டு மாதத்துக்கு ஓர் ஊசியா?

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை 2020 முதல் இங்கிலாந்தின் பாலியல் நல கிளினிக்குகளில் இலவசம். நல்ல மருந்து, ஆனால் தினமும் போட வேண்டும். லண்டனில் வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் பலருக்குச் சிக்கல் அந்த மாத்திரை டப்பாதான். நாலு பேர் புழங்கும் வீட்டில், கைப்பையை எடுத்தாலே கடகடவென்று சத்தம் கேட்கும். அதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் உண்டு. கண்டவர்கள் "இவளுக்கு நோய்" என்று முடிவுகட்டினால் யாரிடம் போய் விளக்குவது?

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் கபோடெக்ராவிர் ஊசியில் ஒளித்துவைக்க எதுவுமில்லை. முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், மாத்திரைக் குழுவைவிட ஊசிக் குழுவில் தொற்று ஏறக்குறைய 90 சதவீதம் குறைவு. ஆனால் தேதி தவறக் கூடாது. ஷிஃப்ட் வேலைக்காரருக்கு அது லேசல்ல. நிறுத்திய பிறகும் மருந்து பல மாதம் உடலில் மெல்லக் கரையும்; ஆனால் அந்தக் குறைந்த அளவு தொற்றைத் தடுக்கப் போதாது. அப்போது வேறு பாதுகாப்பு கட்டாயம்.

தனியறை இல்லாத பெண்ணுக்கு ஊசியே மேல் என்பேன். இங்கிலாந்தில் 2025-ல் அது பரிந்துரைக்கப்பட்டது மாத்திரை பொருந்தாதவர்களுக்கு மட்டுமே. அதனால் வீட்டு நிலைமையை டாக்டரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.