எழில், மகிழ், யாழ்: மூன்று ழகரப் பெயர்களில் எது நாவில் நிற்கும்?

ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தைக்கும் வைக்கலாம் என்று தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் கடைசியில் இந்த மூன்றில் வந்து நிற்பார்கள். மூன்றிலும் 'அன்', 'இனி' போன்ற ஈறு கிடையாது. எழில் வந்தானா, வந்தாளா என்பதை வினைதான் சொல்லும். எழிலரசி, மகிழினி, யாழினி எல்லாம் நன்கு பழகிய பெயர்கள்; ஈறில்லாத வடிவம்தான் அரிது. திரைப்பட இயக்குநர்கள் எழில், மகிழ் திருமேனி இருவராலும் முதல் இரண்டு பெயர்களும் பலர் காதில் ஆண் பெயராக விழும். யாழினியின் பழக்கத்தால் யாழ் பெண் பக்கம் சாயும்.

உச்சரிப்புதான் உண்மையான சோதனை. ழகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை நெருங்க வேண்டும். அழுந்த ஒட்டினால் ளகரமாகிவிடும். தொல்காப்பியம் ழகரத்தை ளகரத்தோடு சேர்க்காமல் ரகரத்தோடு சேர்த்து, இரண்டும் 'நுனிநா அணரி அண்ணம் வருட'ப் பிறப்பதாகச் சொல்வது இதனால்தான்.

எழிலில் ழகரம் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே நிற்கிறது. வளைந்த நாக்கு இறங்க 'இ' இடம் தருகிறது; அதனால் ஒலி தெளிவாகக் கேட்கும். சிக்கல் அடுத்த எழுத்தில். ழியிலிருந்து உடனே பல்லருகே ல் வர வேண்டும். அவசரத்தில் சொன்னால் 'எலில்' ஆகும். தென் மாவட்டங்களில் 'எளிலு', சென்னைப் பேச்சில் 'எயிலு'. (எயில் என்றால் கோட்டை மதில், திரிந்தாலும் நல்ல சொல்தான்.)

மகிழில் ழகரம் கடைசியில் வருவதால் மூச்சோடு கரைந்துவிடும். தொலைபேசியில் பல நேரம் 'மகி' மட்டுமே போய்ச் சேரும். பேச்சில் 'மகிழு' என்று உகரம் சேரும்போதுதான் ழகரம் பிழைக்கிறது. இடையில் உள்ள ககரத்தைச் சிலர் 'மஹிழ்' என்று மெலிதாகவும் சொல்வார்கள். இதனால் ஆங்கிலத்தில் கே, ஜி, எச் என மூன்று வழி. ழகரத்துக்கு இசட்-எச் அல்லது எல் என இரண்டு வழி. ஒரே பெயருக்கு ஆறு எழுத்துக்கூட்டல்! ஆனாலும் மகிழம்பூவின் நினைவும், நம்மாழ்வாருக்கு மகிழ்மாறன் என்ற பெயர் இருப்பதும் இதற்குத் தனி அழகு.

யாழ் ஒரே அசை. நீண்ட ஆகாரம் இருப்பதால் தெருமுனைவரை இழுத்துக் கூப்பிடலாம். அந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் இலங்கையில் 'யாழ்.' என்று புள்ளியோடு எழுதினால் அது யாழ்ப்பாணம். ஊரையே பெயராக வைக்க விரும்பும் குடும்பங்களுக்கு இது நிறைவு, மற்றவர்களுக்குக் குழப்பம். யாழ்தேவி ரயிலின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவே ஓர் 'ஆர்' சேர்ப்பார்கள். அது ஆகாரத்தை நீட்டிக் காட்டும் பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்காவில் படிப்பவர் அதையும் ஒலித்து 'யார்ல்' என்பார்.

எங்கள் தேர்வு எழில். எந்தத் திரிபிலும் முழுச் சொல்லாகக் காதில் விழுவது அது ஒன்றுதான். தென்னிந்தியாவில் வளரும் பிள்ளைக்கு இசட்-எச் போதும். கோழிக்கோடு, ஆலப்புழை பெயர்களிலும் அதே எழுத்துகள்தான் இருக்கின்றன. ஐரோப்பாவிலோ கனடாவிலோ வளர்வதானால் 'எல்' நல்லது. இசட்-எச் போட்டால் 'எஸில்' என்பார்கள், எல் போட்டால் 'எலில்' என்பார்கள். இரண்டாவதில் இழப்பு குறைவு. தமிழ் என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எல் போட்டுத்தானே எழுதுகிறோம்.

இந்தியாவில் பிறப்புப் பதிவில் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள்வரை. ஆகவே அவசரப்படாமல் சில வாரம் பெயரைப் புழங்கிப் பாருங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். 'எழிலுக்கு', 'மகிழோட', 'யாழை' என்று வேற்றுமை உருபு சேர்த்துப் பேசுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் தாளில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தாத்தா பாட்டி எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். குழந்தை முதலில் கற்கப்போவது அந்த ஒலியைத்தான். முடிவான எழுத்துகளையே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒன்றுபோல எழுதுங்கள். பின்னால் ஓர் எழுத்தை மாற்றவும் அரசிதழ்வரை போக நேரலாம்.